இரண்டு மணி என்று எழுதியவள்

அவளுக்குப் பயம் எப்போது வந்தது என்று யாரும் கேட்டதில்லை. பிறக்கும்போதே கூட வந்தது என்றுதான் வீட்டில் எல்லோருக்கும் நினைப்பு. பஸ்ஸில் டிக்கெட் வாங்கினால் வீட்டுக்கு வந்த பிறகும் இரண்டு நாள் அதைப் பர்ஸிலேயே வைத்திருப்பாள். யாராவது தேடி வந்து கேட்டுவிட்டால்? கடையில் சில்லறை கூடுதலாக வந்தால் ஓடிப்போய்த் திருப்பிக் கொடுப்பாள். அதில் நேர்மை பாதி, பயம் பாதி. வாசலில் பழக்கமில்லாத செருப்புச் சத்தம் கேட்டால் முதல் வேலையாக டி.வி.யை நிறுத்துவாள். கட்டிக்கொண்டவர் மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவர், வாய் ஓயாத மனிதர். "இவளைப் பேய் பிடிக்காது. பேயைப் பார்த்ததும் இவ மயங்கி விழுந்துடுவா. அது பாவம், தண்ணி தெளிச்சு எழுப்பிக்கிட்டு உக்காந்திருக்கும்" என்பார்.

அப்பேர்ப்பட்டவளுக்குத்தான் சலவை ஆலையில் டைம் ஆபீஸ் வேலை வாய்த்தது. வாங்கிக் கொடுத்தவர் அக்கா புருஷன். மகளுடைய படிப்புக்குப் பணம் கட்ட வேண்டிய வருஷம் அது. காயில் கட்டுகிற கடையிலோ ஈ ஓட்டிக்கொண்டிருந்தார்கள். அத்தானுக்கும் ஆலை மேனேஜருக்கும் பழைய பழக்கம். "உனக்காகச் சொல்லி வெச்சிருக்கேன். என் பேரைக் காப்பாத்து, அது போதும்" என்றார் அத்தான். அவர் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னார். இவள் அதை ஆறு வருஷம் தலையில் சுமந்தாள்.

ஊரில் உள்ள ஆஸ்பத்திரிகளும் ஓட்டல்களும் அனுப்புகிற விரிப்பு, தலையணை உறை, துண்டு எல்லாம் வெளுக்கிற ஆலை. உள்ளே காலை வைத்தால் முகத்தில் ஆவி அடிக்கும். குளியலறை அளவுக்குப் பெரிய சலவை மெஷின்கள் ஒரு பக்கம், அவற்றிலிருந்து ஈரத்துணியை அள்ளித் தள்ளிக்கொண்டு போகிற வண்டிகள் ஒரு பக்கம், நடுவில் நீளமான இஸ்திரி உருளை. இரண்டு பேர் இந்தப் பக்கம் நின்று ஈர விரிப்பை நுனி பிடித்து உள்ளே விடுவார்கள். அந்தப் பக்கம் இரண்டு பேர் காய்ந்து வருவதை வாங்கி மடிப்பார்கள். உருளை ஒருமுறை ஆறிவிட்டால் மறுபடி சூடேற அரை மணி ஆகும். அதனால் அதை நிறுத்துவதே கிடையாது. நின்றபடி, ஒருத்தர் மாற்றி ஒருத்தர், நாலு வாய் சோறு அள்ளிப் போட்டுக்கொண்டு ஓடி வருவார்கள்.

காலை ஆறு முதல் பகல் இரண்டு வரை வேலை என்று வாசலில் பலகை எழுதியிருந்தது. பலகை என்ன சொன்னாலும், ஆஸ்பத்திரி லாரி நாலு மணிக்குத்தான் புறப்படும். லாரி நிறையாமல் யாரும் நகர முடியாது.

டைம் ஆபீஸ் என்பது வாசலை ஒட்டி, எழுந்தால் நாற்காலி சுவரில் இடிக்கிற ஒரு கண்ணாடி அறை. ஜன்னலுக்கு வெளியே கைரேகை மெஷின். வரும்போதும் போகும்போதும் நூற்று நாற்பது பேரும் விரல் வைப்பார்கள். அந்த நேரமெல்லாம் அவள் கம்ப்யூட்டருக்கு வரும். அதை வைத்துச் சம்பளப் பட்டியல் தயாரிப்பது அவள் பொறுப்பு.

வேலைக்குச் சேர்ந்த வாரம் பட்டியலைத் திறந்தாள். மூணு நாப்பது, மூணு அம்பத்திரண்டு, நாலு அஞ்சு என்று வரிசையாக நின்றன. மேனேஜர் பின்னால் வந்து நின்றார்.

"இதெல்லாம் ரெண்டுன்னு மாத்தும்மா."

"சார், லாரி போறவரைக்கும் உள்ளதான சார் இருந்தாங்க?"

"எட்டு மணி நேரத்துல முடிக்கத் தெரியாதது அவங்க குத்தம். அதுக்குக் கம்பெனி இரட்டைச் சம்பளம் குடுக்குமா? சாப்பாட்டு நேரம்னு நடுவுல அரை மணியும் கழிச்சிடு. எல்லா இடத்துலயும் இப்படித்தான். ரவுண்டு பண்றதுன்னு பேரு."

ரவுண்டு பண்றது. வார்த்தை உருண்டையாக இருந்ததாலோ என்னவோ, தொண்டையில் சிக்காமல் இறங்கிவிட்டது. தினமும் பட்டியலைத் திறப்பாள், மேலிருந்து கீழ்வரை இரண்டு, இரண்டு, இரண்டு என்று அடிப்பாள், மூடுவாள். பாவம் என்று தோன்றுகிற நாளில் வேகமாக அடிப்பாள்.

இரண்டாம் வருஷம் அவளுக்கு 'நேர நிர்வாக அலுவலர்' என்று ஒரு அட்டை கொடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொள்ளச் சொன்னார்கள். சம்பளம் ஏறவில்லை. ஐந்தரைக்கு வந்து கதவைத் திறக்கிறவளும் அவள்தான், லாரி போன பிறகு நாலரைக்குப் பூட்டுகிறவளும் அவள்தான். "அலுவலருக்கெல்லாம் ஓவர்டைம் கிடையாது" என்று மேனேஜர் சொன்னபோது அவள் தலையாட்டினாள். அட்டையைப் பார்த்த புருஷன், "நல்லாத்தான் இருக்கு. இதைக் காட்டுனா கடையில பால் குடுப்பானா?" என்று கேட்டார்.

உருளையில் துணி விடுகிற பெண்களில் மூத்தவளை எல்லோரும் ரோலர்க்கா என்பார்கள். பதினோரு வருஷமாக அங்கே இருப்பவள். அகலமான தோள், அதைவிட அகலமான குரல். நாள் முழுக்க ஈரத்தில் ஊறி அவள் விரல் ரேகை மங்கிப்போயிருந்தது. மெஷின் பாதி நாள் அவளை ஏற்காது. ஜன்னலில் தட்டி, "ஏ டைமு! என் விரலுக்கே என்னை அடையாளம் தெரியல. நீயாவது நான்தான்னு சொல்லு" என்பாள். டைமு என்பது இவளுக்கு அவள் வைத்த பெயர். இவள் சிரித்துக்கொண்டே கையால் நேரத்தை ஏற்றுவாள். போகிற நேரத்தையும் அப்படித்தான் ஏற்றுவாள். அது எப்போதும் இரண்டு.

அது நடந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. இரண்டு ஆஸ்பத்திரித் துணி ஒன்றாக வந்து சேர்ந்த நாள். பகல் மூன்று பத்துக்கு உள்ளேயிருந்து ஒரு சத்தம். அது மனுஷக் குரல் என்று புரியவே அவளுக்கு ஒரு நிமிஷம் பிடித்தது. பிறகு எல்லோரும் ஓடுகிற சத்தம். உருளை நின்றது. அது நின்றதால் வந்த அமைதிதான் அவளை நாற்காலியோடு கட்டிப்போட்டது. கண்ணாடி வழியாகத்தான் பார்த்தாள்: ரோலர்க்காவை நாலு பேர் தாங்கி வந்து வேனில் ஏற்றினார்கள். வலது கையை ஈர விரிப்பில் சுற்றியிருந்தார்கள். ரோலர்க்கா கத்தவில்லை. வாயைத் திறந்து வைத்துக்கொண்டு சும்மா இருந்தாள்.

நாலு மணிக்கு மேனேஜர் அறைக்குள் வந்து கதவைச் சாத்தினார். அந்தக் கதவை அவர் சாத்தி அவள் பார்த்ததே இல்லை.

"அவ வெளிய போன நேரம் மெஷின்ல இல்லை, இல்லையா?"

"இல்லை சார். விரல் வைக்கவே இல்லை. எப்படி வைப்பாங்க..."

"ரெண்டுன்னு போடு."

அவள் விரல் கீபோர்டு மேல் நின்றது. "சார், அது மூணு மணிக்கு மேலதான சார்..."

"தினம் போடுறதைத்தான போடச் சொல்றேன். புதுசா ஒண்ணும் கேக்கலையே?"

உண்மைதான். புதிதாக ஒன்றும் கேட்கவில்லை. ஆறு வருஷத்தில் பல்லாயிரம் முறை அடித்ததை இன்னொரு முறை அடிக்கச் சொன்னார். அவள் அடித்தாள்.

அடுத்த வாரம் ஆலை முழுக்க ஒரு பேச்சு பரவியது. ரோலர்க்காவுக்கு இரண்டு மணிக்கே வேலை முடிந்துவிட்டதாம்; வீட்டிலிருந்து கொண்டுவந்த சொந்தத் துணியைத் திருட்டுத்தனமாகத் தேய்க்கப் போய்க் கையைச் சுட்டுக்கொண்டாளாம்; அதற்குக் கம்பெனி எப்படிப் பொறுப்பாகும்? வைத்தியச் செலவையும் நஷ்ட ஈட்டையும் தர முடியாது என்று அவள் வீட்டுக்குக் காகிதம் போய்விட்டது. அந்தக் காகிதத்தோடு இணைத்த தாள் டைம் ஆபீஸிலிருந்து போனது. அதில் ஒரு வரி: வெளியே சென்ற நேரம், 2.00.

பயம் என்றால் என்ன என்று தனக்குத் தெரியும் என்றுதான் அதுவரை நினைத்திருந்தாள். பஸ் டிக்கெட் பயம் எல்லாம் ஒரு பயமா? இது வேறு. காலையில் கண் திறக்கும் முன்பே பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்ளும். போன் அடித்தால் எடுக்காமல் அடுத்த அறைக்குப் போய்விடுவாள். புருஷன் இரண்டு தடவை ஜோக் அடித்துப் பார்த்தார், மூன்றாம் தடவை அடிக்காமல், "உனக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டார். "ஒண்ணுமில்லைங்க, வெயில்" என்றாள். வெளியே மழை பெய்துகொண்டிருந்தது.

பத்தாம் நாள் ஜன்னலில் ஒரு ஒல்லியான ஆள் வந்து நின்றார். ரோலர்க்காவின் புருஷன். சட்டைப் பையிலிருந்து மருந்துச் சீட்டு எட்டிப் பார்த்தது.

"அம்மா, அன்னிக்கு அவ எத்தனை மணி வரைக்கும் வேலை செஞ்சான்னு ஒரு சீட்டு எழுதிக் குடுத்தா உதவியா இருக்கும். நீங்கதான் நேரம் எழுதுறவங்கன்னு சொன்னா. 'டைமுகிட்ட கேளு, அவளுக்குத் தெரியும்'னா."

இவள் கம்ப்யூட்டர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "மேனேஜரைக் கேளுங்கண்ணே. நான் எதுவும் குடுக்கக் கூடாது."

"சரிம்மா, சரிம்மா. உங்களுக்குத் தொந்தரவு வேணாம்." அவர் கும்பிட்டுவிட்டுப் போனார். திட்டியிருந்தால்கூட அன்று இரவு தூங்கியிருப்பாள்.

அந்த மனுஷன் யாரிடம் கேட்டாரோ, எப்படித் தெரிந்துகொண்டாரோ, தொழிலாளர் துறை அலுவலகத்தில் யாரையோ வைத்துப் புகார் எழுதிக் கொடுத்துவிட்டார். அடுத்த மாதம் ஒரு திங்கட்கிழமை ஆய்வாளர் வந்து இறங்கினார். ஐம்பது வயதுப் பெண். நல்ல ஜலதோஷம், ஒரு கையில் கைக்குட்டை, ஒரு கையில் கோப்பு. அவர் வரப்போவது தெரிந்து மேனேஜர் சனிக்கிழமையே இவளுக்குப் பாடம் நடத்தியிருந்தார்: கேட்டதற்கு மட்டும் பதில், நீட்டி முழக்காதே, அத்தானை நினைத்துக்கொள்.

ஆய்வாளர் மூன்று வருஷத்துப் பட்டியலையும் அச்சடித்து வாங்கிக்கொண்டு, டைம் ஆபீஸ் நாற்காலியிலேயே உட்கார்ந்து பக்கம் பக்கமாகப் புரட்டினார். இவள் சுவரோடு சுவராக நின்றாள். மேனேஜர் வாசல்படியில்.

"நூத்தி நாப்பது பேரும் தினமும் சரியா ரெண்டு மணிக்கே போயிடுறாங்க. ஒருத்தர்கூட ரெண்டு மணி ஒரு நிமிஷத்துக்குப் போனதில்லை" என்றார் ஆய்வாளர். தும்மினார். "ராணுவத்துலகூட இந்த ஒழுங்கு கிடையாது."

மேனேஜர் சிரித்தார். இவள் சிரிக்கவில்லை.

"அந்தக் கை சுட்டவங்க, அவங்க அன்னிக்கு எப்பப் போனாங்க?"

"ரெண்டு மணி மேடம்."

"நீங்க பாத்தீங்களா?"

"...ரெண்டு மணி மேடம்."

ஆய்வாளர் அவளை நிமிர்ந்து பார்த்தார். கோபமாகப் பார்க்கவில்லை. பிறகு சம்பந்தமில்லாமல் கேட்டார்: "நீங்க எத்தனை மணிக்கு வருவீங்க?"

"அஞ்சரைக்கு."

"போறது?"

"நாலரை ஆகும்."

"பதினோரு மணி நேரம். கூடுதல் நேரத்துக்கு என்ன தர்றாங்க?"

"நான் அலுவலர் மேடம்." அட்டையைத் தொட்டுக் காட்டினாள்.

"யாரையாவது வேலைக்கு எடுக்கவோ நிறுத்தவோ உங்களுக்கு அதிகாரம் இருக்கா?"

"இந்த நாற்காலியை மாத்தவே எனக்கு அதிகாரம் இல்லை மேடம்" என்று வாயில் வந்துவிட்டது. சொன்ன பிறகு மேனேஜர் முகத்தைப் பார்த்தாள்.

ஆய்வாளர் போகும்போது தன் அலுவலக முகவரி அச்சிட்ட சீட்டு ஒன்றை மேஜைமேல் வைத்துவிட்டுப் போனார். மேனேஜர் அதை எடுத்து இரண்டாகக் கிழித்துக் குப்பையில் போட்டார். நாலரைக்கு எல்லோரும் போன பிறகு அவள் குப்பைக்கூடையைக் கவிழ்த்தாள். எதற்காக என்று அவளுக்கே தெரியாது. இரண்டு துண்டையும் கைப்பைக்குள் போட்டுக்கொண்டபோது, ஏதோ திருடியவளைப்போல வாசலைத் திரும்பிப் பார்த்தாள்.

புதன்கிழமை சாயங்காலம் அத்தான் வீட்டுக்கு வந்தார். வந்தால் பத்து நிமிஷம் அக்காவைப் பற்றிக் குறை சொல்லிவிட்டுத்தான் விஷயத்துக்கு வருவார். அன்று நேராக ஒரு தாளை எடுத்து நீட்டினார்.

"இதுல ஒரு கையெழுத்துப் போட்டுடு. ஒண்ணுமில்லை, சும்மா பாதுகாப்புக்கு."

அவள் படித்தாள். தொழிலாளர்களின் நேரத்தைத் தன் விருப்பப்படி மாற்றியது தான்தான் என்றும், நிர்வாகத்துக்கு அது தெரியாது என்றும், அதற்காக வருந்துவதாகவும் அதில் இருந்தது. அவள் பேர், பதவி எல்லாம் ஏற்கெனவே அச்சாகியிருந்தது.

"அத்தான், மேனேஜர் சொல்லித்தான அத்தான் நான் போட்டேன்?"

"யார் இல்லைன்னா? ஆனா எழுத்துல இருக்கா? இல்லையே. பாரு, நீ கையெழுத்துப் போட்டா உன்னை எச்சரிக்கை பண்ணி விட்டுடுவாங்க, வேலை இருக்கும். போடலைன்னா நீயா திருட்டு வேலை பண்ணேன்னு போலீசுக்கே போவேங்கிறாரு. வெள்ளிக்கிழமை புதுக் கைரேகை மெஷின் வருது. பழசைக் கழட்டிட்டா அதோட இந்தத் தலைவலியும் போயிடும்."

மூலையில் உட்கார்ந்து மோட்டாரைப் பிரித்துக்கொண்டிருந்த புருஷன் கையை நிறுத்தினார். "சகலை, அந்தத் தாளை இப்படிக் குடுங்க." வாங்கிப் படித்தார். எழுத்தெழுத்தாகப் படித்தார். "இதுல கையெழுத்துப் போட்டா இவ உள்ள போவா. நீங்களும் உங்க சிநேகிதரும் வெளிய நின்னு பாத்துக்கிட்டு இருப்பீங்க."

"வாயை அளந்து பேசுங்க."

"அளந்துதான் பேசுறேன். உங்களால கிடைச்ச வேலை, அதை மறக்கலை. அதுக்காக ஜெயிலும் உங்களாலயே கிடைக்கணுமா?"

அத்தான் முகம் சிவந்து எழுந்தார். "நாளைக்குக் காலைல பதில் வேணும்" என்று அவளைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனார். தாள் கட்டிலில் கிடந்தது.

அன்றைக்குத்தான் அவள் எல்லாவற்றையும் புருஷனிடம் சொன்னாள். ஆறு வருஷத்து ரவுண்டு, செவ்வாய்க்கிழமை, ரோலர்க்காவின் திறந்த வாய், கும்பிட்டுவிட்டுப் போன ஒல்லி மனுஷன், எல்லாவற்றையும். வாய் ஓயாத மனிதர் கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டார்.

"பழைய மெஷினைக் கழட்டுறதுக்கு ஏன் இவ்வளவு அவசரப்படுறாரு?"

அவளுக்குப் புரிந்தது. அவள் மாற்றியதெல்லாம் கம்ப்யூட்டரில் இருக்கிற பட்டியலைத்தான். மெஷினுக்குள் இருப்பதை யாரும் தொட்டதில்லை, தொடவும் தெரியாது. மூணு நாப்பதும் நாலு அஞ்சும் அதற்குள் அப்படியே இருந்தன. அந்தச் செவ்வாய்க்கிழமையில் ரோலர்க்கா உள்ளே வந்த நேரம் இருந்தது. வெளியே போன நேரம் இல்லவே இல்லை. மற்ற மூன்று உருளைப் பெண்களும் நாலு மணிக்கு விரல் வைத்தது இருந்தது. வெள்ளிக்கிழமைக்குப் பிறகு அது எதுவும் இருக்காது.

வியாழக்கிழமை அவள் ஆலைக்குப் போகவில்லை. ஆறு வருஷத்தில் முதல் முறை. தைரியம் வந்துவிட்டது என்று யாராவது நினைத்தால் அது தப்பு. இந்தப் பக்கம் ஒரு பயம், அந்தப் பக்கம் ஒரு பயம். இரண்டில் எது பெரிது என்று எடை பார்த்துக்கொண்டே பஸ் ஏறினாள். தொழிலாளர் துறை அலுவலகம் ஒரு பழைய கட்டடத்தின் இரண்டாம் மாடி. முதல் மாடி வரை ஏறிவிட்டு இறங்கி வந்தாள். தெருவில் நின்று, மேனேஜர் கார் எதுவும் வருகிறதா என்று இரண்டு பக்கமும் பார்த்தாள். ஒரு காபிக்கடையில் தண்ணீர் வாங்கிக் குடித்தாள். மறுபடி ஏறினாள். "உங்களுக்கு யாரைப் பாக்கணும்?" என்று கேட்ட ஆளிடம் பேர்கூடச் சொல்ல வராமல், கிழிந்த சீட்டின் இரண்டு துண்டையும் சேர்த்துப் பிடித்துக் காட்டினாள்.

ஆய்வாளருக்கு இன்னும் ஜலதோஷம் விடவில்லை.

"மேடம், நான்தான் மாத்தினேன். உங்ககிட்டயும் பொய் சொன்னேன். என்னை ஜெயில்ல போடுவீங்களா?"

"முதல்ல உக்காருங்க."

"மெஷினை நாளைக்குக் கழட்டிடுவாங்க மேடம்."

பேனாவை எடுத்த ஆய்வாளர் அதைக் கீழே வைத்துவிட்டுப் போனை எடுத்தார். இரண்டு நிமிஷம் யாரிடமோ பேசினார். வைத்துவிட்டு, "இன்னிக்கே ஆள் போய் சீல் வெச்சு எடுத்துக்கிட்டு வருவாங்க. இப்ப மெதுவாச் சொல்லுங்க" என்றார்.

சொன்னாள். நடுவில் இரண்டு முறை எழுந்து கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்தாள். முடித்தபோது ரவிக்கை முதுகெல்லாம் நனைந்திருந்தது.

"நேரத்தைச் சரியா எழுதி வைக்க வேண்டியது முதலாளியோட கடமை. எழுதலைன்னா, பொய்யா எழுதுனா, தொழிலாளி சொல்ற நேரத்தைத்தான் சட்டம் எடுத்துக்கும், இல்லைன்னு நிரூபிக்கிறது அவங்க பாடு" என்றார் ஆய்வாளர். "சொன்னதைச் செஞ்ச குமாஸ்தாவைப் பிடிச்சு உள்ள போடுறது எங்க வேலை இல்லை. ஆனா உங்களை ஒண்ணுமே பண்ண மாட்டாங்கன்னும் நான் சொல்ல மாட்டேன். இதையே விசாரணையில, அவங்க முகத்துக்கு முன்னால, சத்தியம் பண்ணிச் சொல்லணும். அதுக்காக உங்களை வேலையை விட்டுத் தூக்குனா அது தனிக் குற்றம். வேற விதமாத் தொல்லை குடுப்பாங்க. முடியுமா?"

"முடியாது மேடம்" என்றாள். பிறகு, "எப்ப வரணும்?" என்று கேட்டாள்.

விசாரணை ஏழு வாரம் கழித்து வந்தது. அந்த ஏழு வாரத்தில் அவளைக் கண்ணாடி அறையிலிருந்து தூக்கி, பின்பக்கக் கொட்டகையில் தலையணை உறை எண்ணுகிற இடத்தில் போட்டார்கள். அத்தான் வீட்டுப் போன் நின்றது. அக்கா ஒருமுறை மட்டும் பேசினாள், அழுதாள், வைத்துவிட்டாள். ஒருநாள் வாசலில் யாரோ ஒரு ஆள் பைக்கை நிறுத்திக்கொண்டு அரை மணி நேரம் வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். வெளியே ஓடிப்போன புருஷன் சிரித்துக்கொண்டே திரும்பி வந்தார்: வாடகைக்கு வீடு தேடுகிறவன். அவர் சிரித்தார், அவள் அன்று மூன்று முறை தாழ்ப்பாளை இழுத்துப் பார்த்தாள்.

விசாரணை அறை என்றால் கோர்ட் மாதிரி கூண்டெல்லாம் இருக்கும் என்று நினைத்திருந்தாள். ஒரு நீள மேஜை, எட்டு நாற்காலி, ஓடாத மின்விசிறி, அவ்வளவுதான். அதுதான் மோசம். மேனேஜர் கையெட்டுகிற தூரத்தில் உட்கார்ந்திருந்தார். எதிரே ரோலர்க்கா, கட்டுப்போட்ட கையை மேஜைமேல் வைத்தபடி. இவளைப் பார்க்கவே இல்லை.

விசாரணை அதிகாரி கேட்டார், இவள் சொன்னாள். மெஷினிலிருந்து எடுத்த பட்டியலை மேஜையில் விரித்தார்கள். கம்பெனி வக்கீல் எழுந்தார்.

"அப்ப ஆறு வருஷமா பொய் எழுதியிருக்கீங்க?"

"ஆமா."

"ஆய்வாளர்கிட்டயும் பொய் சொன்னீங்க?"

"ஆமா."

"இவ்வளவு பொய் சொன்னவங்க இன்னிக்கு மட்டும் உண்மை சொல்றீங்கன்னு எப்படி நம்புறது?"

அவள் மேஜையின் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டாள். விடலாம் என்றால் விரல் பிரியவில்லை. "என்னை நம்ப வேணாங்க. மெஷினை நம்புங்க. அது என் பேச்சைக் கேக்காது" என்றாள். பாதி வார்த்தை காற்றாகப் போனது. இன்னொரு முறை சொல்லச் சொன்னார்கள். இன்னொரு முறை சொன்னாள்.

வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டாள். புருஷன் தண்ணீர் பாட்டிலோடு பக்கத்தில் உட்கார்ந்தார். "பாரு, நீ மயங்கவே இல்லை" என்றார். அதைச் சொல்லி முடிக்கும் முன்பே அவள் மயங்கிவிட்டாள்.

உத்தரவு மூன்று மாதம் கழித்து வந்தது. விபத்து வேலை நேரத்தில்தான் நடந்தது என்று எழுதினார்கள். ரோலர்க்காவுக்கு வைத்தியச் செலவும் நஷ்ட ஈடும் தர வேண்டும். எல்லோருக்கும் கூடுதல் நேரத்துக்கு இரட்டைச் சம்பளம், சாப்பாட்டு அரை மணி என்று பிடித்ததும் திருப்பித் தர வேண்டும். ஆனால் மூன்று வருஷத்துக்கு மட்டும்தான். அதற்கு முந்தியதற்குக் காலம் கடந்துவிட்டது, சட்டத்தில் வழியில்லை என்றார்கள். பதினோரு வருஷம் நின்ற ரோலர்க்காவுக்கு எட்டு வருஷம் போனது போனதுதான். மேனேஜரை வேறு கிளைக்கு மாற்றினார்கள். அங்கேயும் மேனேஜராகத்தான்.

பணம் தர வேண்டியவர்கள் பட்டியலில் டைம் ஆபீஸ்காரியின் பேரும் இருந்தது. அட்டையில் அலுவலர் என்று போட்டால் அலுவலர் ஆகிவிட முடியாது, செய்கிற வேலைதான் கணக்கு என்று உத்தரவில் ஒரு பத்தி முழுக்க அவளைப் பற்றியே இருந்தது. பணம் வாங்குகிற அன்று வரிசையில் நின்றபோது பின்னால் ஒரு குரல், அவள் காதில் விழ வேண்டும் என்றே, "நம்மகிட்ட பிடுங்குனவளுக்கும் சேர்த்துப் பங்கா?" என்றது. அவள் திரும்பவில்லை. கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டு கொட்டகைக்குப் போய் உறை எண்ணினாள். எண்ணிக்கை மூன்று முறை தப்பியது.

அவளை இன்றுவரை யாரும் வேலையை விட்டு நீக்கவில்லை. டைம் ஆபீஸுக்கும் திரும்ப அழைக்கவில்லை. அங்கே புதிதாக ஒருத்தி வந்திருக்கிறாள். மூணு நாப்பதை மூணு நாப்பது என்றே எழுதுகிறாளாம். சிலர் இவளோடு பேசுகிறார்கள், சிலர் பேசுவதில்லை. பயமும் போகவில்லை. லாரி ஹாரன் அடித்தால் இப்போதும் கையில் இருப்பது நழுவுகிறது. அத்தான் ஒரு கல்யாண வீட்டில் எதிரே வந்தபோது அவர் ஒதுங்கவில்லை, இவள்தான் தூண் மறைவுக்குப் போனாள்.

ரோலர்க்கா போன மாதம் கொட்டகைக்கு வந்தாள். வலது கை விரல்கள் பாதிதான் மடங்குகின்றன. உருளைக்கு இனிப் போக முடியாது. இடுப்பில் ஒரு பிளாஸ்டிக் பை செருகியிருந்தது. எதிரே கிடந்த துணி மூட்டைமேல் உட்கார்ந்து, பையைப் பிரித்து, நாலைந்து தாளை எடுத்து மேஜைமேல் போட்டாள். நஷ்ட ஈட்டின் மீதித் தொகைக்கான விண்ணப்பம்.

இவளுக்கு அந்தத் தாள்களைத் தொடத் தைரியம் வரவில்லை. "ரோலர்க்கா, என்மேல கோவம் இல்லையா?"

"இருக்கு" என்றாள் ரோலர்க்கா. "நிறைய இருக்கு. ராத்திரி கை வலிக்கும்போதெல்லாம் உன்னைத்தான் திட்டுறேன். என்னால பேனா பிடிக்க முடியல, அவருக்கு எழுத்து வராது. நீ எழுது."

இவள் உறைக்கட்டை ஒதுக்கிவிட்டுப் பேனாவை எடுத்தாள். முதல் தாளில் பேர், வயது, முகவரி. இரண்டாவது தாளில் விபத்து நடந்த நாள், நேரம். ரோலர்க்கா எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். இவள் எழுதினாள்: பகல் மூன்று மணி பத்து நிமிடம்.

"படிச்சுக் காட்டு" என்றாள் ரோலர்க்கா.

படித்துக் காட்டினாள். ரோலர்க்கா தலையை ஆட்டிவிட்டு, அடுத்த தாளை இடது கையால் அவள் பக்கம் தள்ளினாள்.